சென்னாக்கூனி வலையில் காய்ந்த சோறு

அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்து வீட்டில் இருந்தவர்கள்: தனக்கொடி. அவள் புருஷன் பாவாடை, மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஒன்றரை மாதமாக இருந்த இடத்திலேயே இருந்தவன். மகள் துர்கா, இந்த வீட்டுப் பெண் என்றாலும் ஒரு வாரம் தங்கிப்போக வந்தவள். மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அன்புசெல்வி, கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். ஆறரை மணிக்கு மேல் பாவாடையின் அக்கா ராஜாம்பாள், கையில் ஒரு பையோடு. அவ்வளவு பேர்தான். அத்தனை பேரின் கையும் அன்றைக்கு ஆக்கிய சோற்றில் பட்டது.

துர்கா காலாப்பட்டில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தது மூன்று மாதத்துக்கென்று செய்த ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனக்கொடிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது பாவாடை கடலில் இருந்தான். பிள்ளை இல்லாத ராஜாம்பாள்தான் வந்து பெண்ணைக் கூட்டிப்போனாள், பள்ளிக்கூடம் மாற்றினாள். மூன்று மாதம் முடிந்தது. தனக்கொடி பழையபடி விடியற்காலை மூன்று மணிக்கு மீன் எடுக்கக் கிளம்பினாள். ஒன்பதாவதைப் பாதியில் கலைக்க வேண்டாம் என்றார்கள். பிறகு பத்தாவது, பொதுத்தேர்வு, அதையும் கலைக்க வேண்டாம் என்றார்கள். சொன்னது யார் என்று கேட்டால் எல்லோரும்தான். தனக்கொடியும் சொன்னாள்.

இப்போது ரிசல்ட்டும் வந்துவிட்டது. பதினொன்றாவது சேர திங்கட்கிழமை கடைசி நாள். இங்கேயா அங்கேயா என்று ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜாம்பாள் வருவாள், துர்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் பெண்ணை இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று தனக்கொடி தவித்தாள். எப்படி என்றுதான் பிடிபடவில்லை. மார்க்கெட்டில் நூறு பேரிடம் வாய் கொடுத்துச் சமாளிக்கிறவளுக்கு இந்த ஒரு பெண்ணிடம் பேச்சு எடுக்க வரவில்லை. துர்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கேட்டால் பதில் சொன்னாள். கேட்காவிட்டால் இல்லை. வந்த வீட்டில் மரியாதையாக நடந்துகொள்ளும் விருந்தாளிபோல் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள். அதைப் பார்க்கத்தான் தனக்கொடிக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

வந்த இரண்டாம் நாள், ஐஸில் வைத்த மீனின் குழம்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே, அத்தை வீட்டில் சனிக்கிழமை என்றால் ஃப்ரைட் ரைஸ்தான் என்று சொன்னாள். மாமா வைத்திலிங்கம் காலேஜ் கேட் டியூட்டி முடிந்து வரும்போது பொட்டலம் வாங்கி வருவாராம். பேச்சோடு பேச்சாகச் சொன்னது. தனக்கொடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொட்டலம் எதற்கு, வீட்டிலேயே ஆக்கலாமே. ரேஷன் அரிசி மூட்டையில் இருக்கிறது. கோஸும் கேரட்டும் முட்டையும் யாருக்கும் எட்டாத சாமான் இல்லை. வாரத்துக்கு ஒன்று என்ன, மூன்று நாள்கூட ஆக்கிப் போடலாம்.

பீச்சின் வடக்கு முனையில் தள்ளுவண்டி போட்டிருந்த மதிவாணன் அவளிடம்தான் இறால் எடுப்பவன். வெள்ளிக்கிழமை அவனிடம் போய்க் கேட்டாள். அவன் கரண்டியை வாணலி விளிம்பில் தட்டிக்கொண்டே சொன்னான்.

“இதுல ரகசியமே கெடையாதுக்கா. சோறு காஞ்சிருக்கணும். காலையில வடி, சாயங்காலம் போடு. ஈரம் இருந்துச்சுன்னா நீ ஆக்குறது பொங்கல்தான். அப்புறம் இன்னொண்ணு. உன் வூட்டு அடுப்பு நம்ப அடுப்பாட்டம் எரியாது. எல்லாத்தையும் ஒரே தடவையா கொட்டிடாத. ஒரு கை ஒரு கையா போட்டு எடு.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே தனக்கொடி உலை வைத்தாள். ரேஷன் அரிசி குண்டு அரிசி, ஒரு கொதி கூடினாலும் குழைந்துவிடும். அடுப்பை விட்டு நகராமல் நின்று, பருக்கையை நசுக்கி நசுக்கிப் பார்த்து, நடுவில் ஒரு புள்ளி வேகாமல் இருக்கும்போதே வடித்தாள். இரண்டு பெரிய தாம்பாளத்தில் பரப்பி, கூடத்தில் ஃபேனுக்குக் கீழே வைத்தாள். பாவாடை சுவரோரம் உட்கார்ந்து கிழிசல் வலையை முடிந்துகொண்டிருந்தான். சோறு எதற்கு என்று கேட்டான். சொன்னாள். சாயங்காலம் அண்ணியும் சேர்ந்து சாப்பிடட்டும், பெண்ணைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். ஊசியைப் பல்லில் கடித்தபடி அவன் தலையாட்டினான்.

மூன்று மணிக்கு முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கக் கிளம்பினாள். துர்காவைக் கூப்பிட்டதற்கு, வெயில் என்றாள். அதுவும் நியாயம்தான். அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டதாகக் காலண்டரில்தான் போட்டிருந்தார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அரை கோஸ், இரண்டு கேரட், ஒரு பிடி பீன்ஸ், வெங்காயத்தாள் ஒரு கட்டு, முட்டை நாலு, மிளகுத்தூள், சின்ன சோயா சாஸ் பாக்கெட். சிக்கன் கடைப் பக்கம் அவள் போகவே இல்லை. வீட்டில் டப்பா நிறையச் சென்னாக்கூனி இருந்தது. நகத்தளவு இல்லாத அந்தப் பொடி இறாலை வறுத்துப் போட்டால் சின்ன வயதில் துர்கா வெறும் வாயில் அள்ளித் தின்பாள். கடைக்காரன் பொட்டலத்தில் அது இருக்காது. தன் கையில் இருந்த துருப்புச் சீட்டு அதுதான் என்று தனக்கொடி நினைத்துக்கொண்டு நடந்தாள்.

நாலே கால் மணிக்கு உள்ளே நுழைந்தபோது ஃபேன் நின்றிருந்தது. கூடத்தின் நடுவில் தாம்பாளம் இல்லை. இரண்டும் கழுவிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

“சோறு எங்கய்யா?”

“தண்ணி ஊத்தி வெச்சிட்டேன்.” ஒரு வேலையை முடித்த நிம்மதி அவன் குரலில் இருந்தது. “கரண்டு போயிடுச்சு. சோறு வெறைச்சு அரிசியாட்டம் கெடந்துச்சு, அதான்.”

அவள் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள். அலுமினியக் குண்டானில் சோறு முங்கிக் கிடந்தது. உப்புப் போட்டுக் கலக்கியிருந்தான். இரண்டு சின்ன வெங்காயம் உரித்துத் தட்டை மூடி அதன்மேல் வைத்திருந்தான்.

“எதுக்குன்னு காலையில சொன்னன்ல?”

“சொன்ன.”

“சொன்னன்ல?”

“சொன்னன்னுதான சொல்றேன். கை ஊத்திடுச்சு கொடி. நான் இன்னா பண்ணட்டும்.”

அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். பதினொரு வயதில் படகு ஏறியவன். கடலுக்குப் போகும் முந்தின சாயங்காலம் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, வெங்காயம் உரித்து வைத்து, விடியற்காலை தன் தூக்குச்சட்டியில் தானே நிரப்பிக்கொண்டு போவான். அந்நேரம் அவளும் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பதால் கல்யாணமான நாளாக அது அவன் வேலை. இந்த வீட்டில் சாயங்காலம் ஆறிய சோறு கண்ணில் பட்டால் பாவாடையின் கை செம்பைத் தேடும். கடலுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை. தடைக்காலத்திலும் அவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவன்தான்.

கட்டிலில் இருந்த துர்காவிடம் திரும்பினாள்.

“நீ இங்கதான இருந்த? பாத்துக்கினு சும்மாவா இருந்த?”

துர்கா ஒரு காது ஒயரை மட்டும் எடுத்தாள். “அப்பா எப்பவும் ஊத்துறதுதானம்மா. நான் இன்னா கண்டேன்.”

வேறு சோறு வடிக்கலாம், ஆற நேரம் இல்லை. சுடுசோற்றைப் போட்டால் கிண்டிய களிதான். ராஜாம்பாள் வர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. தனக்கொடி ஒரு நிமிஷம் குண்டானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே தூக்கி வாசலில் கொட்டிவிடலாம் என்று கை வந்தது. கொட்டவில்லை. மூங்கில் கூடையைக் கழுவிச் சோற்றை அதில் கவிழ்த்து, தண்ணீர் ஒழுக ஒழுக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

மாடித் தளம் காலை வைக்க விடாமல் கொதித்தது. கடல்காற்று அப்போதுதான் எழும்பியிருந்தது. பக்கத்து மாடியில் அன்புசெல்வி நெத்திலிக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடையை எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் சிரித்தாள். பிறகு தனக்கொடியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். புடவையில் பரப்பினால் துணி ஈரத்தைக் குடித்துக்கொண்டு பருக்கையோடு ஒட்டிக்கொள்ளும், பிழிந்தால் மாவாகிவிடும் என்று இரண்டு பேரும் பேசினார்கள். கருவாட்டைத் தரையில் போட்டால் ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் நாறும். தூக்கிக் கட்டிய வலையில் போட்டால்தான் மேலேயும் கீழேயும் காற்றுப் பட்டுக் காயும். அதை அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சோற்றைத் தாங்குகிற அளவு சன்னக் கண் உள்ளது ஒரே ஒரு வலைதான். தனக்கொடி படிக்கட்டுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த சென்னாக்கூனி வலையை எடுத்துவந்தாள். கொசுவலைபோல் கண். பைப்பில் பிடித்து இரண்டு தடவை அலசி, உதறி, நாலு மூலையையும் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர் டேங்க் காலுக்கும் இழுத்துக் கட்டினாள். இடுப்பு உயரத்தில் தொய்யாமல் நின்றது.

“யக்கா, சோத்துக்கு வலை கட்டுன ஆளு இந்தக் குப்பத்துலயே நீ ஒருத்திதான்” என்றாள் அன்புசெல்வி.

சோற்றைக் கையால் விசிறி விசிறிப் பரப்பினாள். சொட்டு கீழே விழுந்து தளத்தில் பட்டவுடன் காய்ந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வலையின் அடியில் கையைக் கொடுத்துத் தட்டி விட்டாள். பருக்கைகள் எம்பிப் புரண்டன. ஒட்டிக்கொண்டதை விரலால் பிரித்தாள். வியர்வை சோற்றில் விழாமல் இருக்கத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காக்கைகள் டேங்க் மேல் வரிசையாக உட்கார்ந்தன. பாவாடை மாடிக்கு வந்து, ஏதாவது செய்யட்டுமா என்றான். அவள் வலையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவனாகவே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காக்கை விரட்ட நின்றான். ஆறடி ஆள், கடலில் வலை இழுக்கும் வின்ச் சுற்றுகிறவன், குச்சியை வைத்துக்கொண்டு காக்கையிடம் ச்சூ ச்சூ என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறு நாளாக இருந்தால் தனக்கொடி சிரித்திருப்பாள்.

துர்கா ஒரு தடவை மேலே வந்தாள். வலையில் சோறு கிடப்பதைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

“புள்ள இருக்குதா, போவுதா?” என்று அன்புசெல்வி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சோறு காயட்டும்” என்றாள் தனக்கொடி.

காய்ந்தது. ஐந்தே முக்காலுக்கு ஒரு பிடி அள்ளிப் பார்த்தபோது விரலிடுக்கில் உதிர்ந்து விழுந்தது. காலையில் ஃபேனுக்குக் கீழே இருந்ததைவிட இதுதான் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று தோன்றியது. மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். வலையின் வாடை கொஞ்சம் இருந்தது. எப்படியும் சென்னாக்கூனி போடத்தானே போகிறோம் என்று கூடையில் வாரிக்கொண்டு இறங்கினாள்.

கோஸை நூல் நூலாக அரிந்தாள். கேரட்டும் பீன்ஸும் பொடிப்பொடியாக. அன்புசெல்வி சுவர் வழியாகத் தன் இரும்பு வாணலியைக் கொடுத்திருந்தாள். அதைப் புகை வரக் காய்ச்சி, எண்ணெய் விட்டு, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி எடுத்து வைத்தாள். காயைத் தனியாக வதக்கினாள். நறுக்கென்று இருக்கும்போதே எடுத்தாள். சென்னாக்கூனியை வெறும் வாணலியில் வறுத்தபோது வீடு முழுக்க அந்த மணம் ஏறியது. பிறகு மதிவாணன் சொன்னபடி ஒரு கை சோறு, கொஞ்சம் காய், கொஞ்சம் முட்டை, நாலு சொட்டு சாஸ், மிளகுத்தூள், வெங்காயத்தாள். கிளறிக் கொட்டி, அடுத்த கை. வீட்டு அடுப்பில் தீ எவ்வளவுதான் ஏற்றினாலும் நீலமாக முணுமுணுத்தது. பொறுமையாக எடுக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இற்றுப்போனது. ஆப்பரேஷன் செய்த இடம் இழுத்துப் பிடித்தது. பன்னிரண்டு தடவை போட்டு எடுத்தபோது பெரிய சட்டி நிறைந்து நின்றது. பருக்கை பருக்கையாகத்தான் இருந்தது. வாயில் போட்டுப் பார்த்தாள். கடைச்சோறு மாதிரி இல்லை. ஆனால் நன்றாக இருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

துர்காவைக் கூப்பிட்டு ஒரு வாய் கொடுத்தாள். நல்லாயிருக்குதும்மா என்று சொல்லிவிட்டுத் துர்கா கையைக் கழுவிக்கொண்டு போனாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தனக்கொடி அடுத்த கால்மணி நேரம் வீட்டைப் பெருக்கினாள், பாய் விரித்தாள், முகம் கழுவிப் பொட்டு வைத்தாள்.

ராஜாம்பாள் ஆறே முக்காலுக்கு வந்தாள். கனத்த உடம்பு, முழங்கால் வலி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததாகப் புலம்பிக்கொண்டே உட்கார்ந்தாள். பையிலிருந்து நாலு வெள்ளித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பாயில் வைத்தாள். சிக்கன் ஃப்ரைட் ரைஸ். சூடு இன்னும் இருந்தது. வாசனை சென்னாக்கூனி வாசனையை ஒரே நொடியில் ஓரம் கட்டியது.

“எதுக்கு அண்ணி இதெல்லாம்? நான் ஆக்கி வெச்சிருக்கேன்ல.”

“ஆக்கிட்டியா?” ராஜாம்பாள் நிஜமாகவே திகைத்தாள். “புள்ள அஞ்சு மணிக்கு போன் பண்ணிச்சே. அப்பா சோத்துல தண்ணி ஊத்திடுச்சு, அம்மா மாடியில கெடந்து அல்லாடுது, நீ வரும்போது வாங்கிட்டு வந்துடு அத்தன்னு. ஏண்டி துர்கா, அப்டித்தான சொன்ன?”

துர்கா தரையைப் பார்த்தாள். அம்மா கஷ்டப்படுகிறாளே என்றுதான் சொன்னேன் என்றாள். அதுவும் பொய் இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. யார்மேலும் கோபப்படத் தனக்கொடிக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

தட்டு வைத்தாள். சட்டியையும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். பாவாடை முதலில் பொட்டலத்தைத்தான் பிரித்தான். ஒன்றரை மாதமாகக் கோழியைக் கண்ணால் பார்க்காதவன், துண்டு துண்டாகப் பொறுக்கினான். இரண்டு வாய் போன பிறகுதான் பெண்டாட்டியின் பார்வை உறைத்தது. சட்டியிலிருந்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, இதுவும் நல்லாருக்குது என்றான். இதுவும்.

துர்கா இரண்டையும் பாதிப் பாதி போட்டுக்கொண்டாள். பொட்டலச் சோறு முதலில் தீர்ந்தது. அம்மா ஆக்கியதைச் சாப்பிடும்போது சென்னாக்கூனியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தாள். ஸ்கூலில் ஒருத்தி கேட்டதிலிருந்து அந்த வாடை ஒத்துக்கொள்வதில்லை என்று மெல்லச் சொன்னாள். என்ன கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. ராஜாம்பாள் கையை நீட்டி அந்த வரிசையை வழித்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சட்டிச் சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். உதிரி உதிரியாக எப்படி வந்தது என்று கேட்டாள். வலையில் காயவைத்ததைப் பாவாடை தன் சாமர்த்தியம்போலச் சொன்னான்.

கை கழுவிவிட்டு வந்த ராஜாம்பாள் பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தாள். காலாப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாவது சேர. எல்லாம் எழுதியிருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. பாவாடை பேனாவுக்குக் கை நீட்டினான். ராஜாம்பாள் கொடுக்கவில்லை.

“நீ சும்மா இர்றா. அவ போடட்டும். நீ போட்டுட்டு அப்புறம் கடலுக்குப் போயிடுவ, பேச்சு வாங்குறது நானு. தனக்கொடி, உனக்கு மனசு இல்லன்னா சொல்லிடு. புள்ளய இங்கயே வுட்டுட்டு நான் ஒத்தையா போறேன். இப்பவே சொல்லிடு.”

இதைவிட நியாயமாக ஒருத்தி கேட்க முடியாது. தனக்கொடி மகளைப் பார்த்தாள். ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த பேச்சு எத்தனையோ இருந்தது. நீ இல்லாமல் சாயங்காலத்தில் இந்த வீட்டுக்குள் நுழையப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். உன் சின்ன வயதுக் கவுனை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். பதினாறு வருஷமாகத் தெரிந்த முகம்தான், ஆனால் அதைப் பார்த்து அப்படிப் பேசிப் பழக்கமில்லை. வாய் திறந்தபோது வேறு வந்தது.

“நீயும் அங்க போயிட்டா இங்க யாரு சோறாக்குறது?”

துர்கா தலையை நிமிர்த்தினாள்.

“அதான? சோறாக்கத்தான் நான் வேணும்” என்றாள்.

துர்கா மேலும் பேசினாள். கத்தவில்லை. கணக்குப் பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

“ஃப்ரைட் ரைஸ் வாங்கித் தராங்கன்னு நான் அங்க இருக்கேன்னு நெனச்சியாம்மா? இங்க எட்டு மணிக்கு லைட்ட அணைக்கிறீங்க. ரெண்டு மணிக்கு எழுந்துக்கிறீங்க. நான் எப்பப் படிக்கிறது? ரெண்டு வருஷத்துல நீ என்னை வந்து பாத்தது நாலு தடவ. நாலு தடவையும் மீன் கூடையோட வந்த, அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்ட. வா வூட்டுக்குப் போலாம்னு ஒரு தடவ கூப்டல. இப்பக் கூப்புடுற.”

“கூப்ட்டா வந்திருப்பியா?”

“அப்ப வந்திருப்பேன்.”

பாவாடை எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். ராஜாம்பாள் மருமகளை அதட்டினாள். அம்மாகிட்ட இப்படிப் பேசக் கூடாது, உடம்பு சரியில்லாத பொம்பள வெயிலில் நின்று உனக்காகத்தான் ஆக்கினாள் என்றாள். அந்த அதட்டல்கூடப் பெற்றவளின் அதட்டலாக இருந்தது. துர்கா அதற்குச் சட்டென்று அடங்கினாள். தனக்கொடி அதையும் பார்த்தாள்.

பேனாவை வாங்கினாள். முதியோர் பள்ளியில் கற்றுக்கொண்ட கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் போட வேண்டும். த, ன, க், கொ, டி. கையில் எண்ணெய் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் கட்டை விரல் அளவுக்கு ஒரு கறை விழுந்தது. துடைக்கப் போய் இன்னும் பரவியது. பரவாயில்லை, காய்ந்துவிடும் என்றாள் ராஜாம்பாள்.

ஃபாரத்தை மடித்துப் பையில் வைக்கும்போது, அந்தச் சோற்றில் கொஞ்சம் அவருக்குக் கட்டிக் கொடேன் என்று கேட்டாள். வைத்திலிங்கத்துக்குச் சென்னாக்கூனி என்றால் உயிர் என்றாள். சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது. வெறும் சோறாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் காலைக்கு வைக்கலாம். எண்ணெய் பட்ட சோற்றை என்ன செய்வது. தனக்கொடி அடுப்படிக்குப் போனாள். காலியான வெள்ளித்தாள்கள் அங்கே கிடந்தன. அவள் அவற்றை எடுக்கவில்லை. அலமாரி மேல் தட்டிலிருந்து பாவாடையின் தூக்கை இறக்கினாள். கடலுக்குக் கொண்டுபோகும் எவர்சில்வர் தூக்கு, நசுங்கியது, மூடியில் அவன் பெயர் பொறித்தது. சட்டிச் சோறு முழுவதையும் அதில் அமுக்கி நிரப்பி, மூடியைத் தட்டி இறுக்கிக் கொண்டுவந்தாள். ராஜாம்பாள் கை நீட்டினாள். தனக்கொடி அவளைத் தாண்டிப் போய்த் துர்காவிடம் கொடுத்தாள்.

“ஃபாயில்ல கட்டிக் குடுக்கக் கூடாதாம்மா? பஸ்ல இதை எப்டித் தூக்கினு போறது?”

“கையில தூக்கினு போ.”

வாசலிலிருந்து பாவாடை திரும்பிப் பார்த்தான். “ஏய், அது என் தூக்கு. பதினஞ்சாந் தேதி கடலுக்குப் போவணும்.”

“தெரியும்” என்றாள் தனக்கொடி. பார்வையை மகளிடமிருந்து எடுக்கவில்லை. “பதினாலாந் தேதிக்குள்ள வரணும். உங்க மாமாகிட்ட குடுத்து அனுப்பாத. அத்தகிட்டயும் குடுத்து அனுப்பாத. நீ எடுத்துக்கினு வா.”

துர்கா தூக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். துணிப்பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கை மறுகையில் வாங்கிக்கொண்டாள். கனத்தில் அந்தப் பக்கத் தோள் இறங்கியது.

மூன்று பேரும் மணிக்கூண்டு ஸ்டாப்புக்கு நடந்தார்கள். பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று பாவாடை கூடப் போனான். தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அன்புசெல்வி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். தூக்கின் கைப்பிடி உரசும் கிறீச் சத்தம் முனை திரும்பும்வரை கேட்டது. துர்கா முனையில் நின்று கை மாற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட் இருந்தது. வாணலியைத் தேய்த்து அன்புசெல்விக்குக் கொடுக்க வேண்டும். வலையை மாடியிலிருந்து அவிழ்த்து வர வேண்டும், ராத்திரிப் பனியில் நனைந்தால் நாறும். பாவாடை வர அரைமணி நேரமாவது ஆகும். வந்தால் தட்டட்டும், அதுவரை யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். தனக்கொடி உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினாள்.